எல்லா மெயிலையும் திருப்பிய தடைப்பட்டியல்: என் அனுபவம்

கொழிஞ்சாம்பாறைத் தேங்காய் மண்டி ஒன்றுக்காக நான் பராமரிக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் ஓடும் சர்வரில், ஸ்பேமைத் தடுக்க ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் ஜென் தடைப்பட்டியலை (மெயில் ஏற்கக்கூடாத ஐபி முகவரிகளின் பட்டியல்) சேர்த்த பிறகு, பொள்ளாச்சி வியாபாரிகளின் மெயில்கள் உட்பட எல்லாமே 554 என்ற மறுப்பு எண்ணுடன் திரும்பின. அனுப்பியவர்களின் ஐபி முகவரிகளைத் தேடினால் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஃபயர்வாலைச் சோதித்ததும் வீண்.

டிஎன்எஸ்ஸிடம் (பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) கேள்வி கேட்கும் டிக் கட்டளையில், ஐபியின் நான்கு எண்களையும் தலைகீழாக அடுக்கிப் பட்டியலிடம் கேட்டபோதுதான் விடை கிடைத்தது. பட்டியலில் உள்ளது என்று காட்டும் 127.0.0.2 போன்ற எண்ணுக்குப் பதிலாக 127.255.255.254 வந்தது. பலரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் சர்வர் வழியாகக் கேட்கக்கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் எந்த எண்ணைத் தடையாகக் கொள்வது என்று விதியில் குறிப்பிடாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பதிலையும் தடையாகவே எடுத்துக்கொள்ளும்.

அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, அது பொது டிஎன்எஸ் வழியே போகாமல் நேரடியாகவே விடை தேடும்படி அமைத்து, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் தடையாகக் கொள்ளுமாறு விதியைத் திருத்தியதும் மெயில்கள் வரத் தொடங்கின, பெரும் நிம்மதி.