நோய் பரவும் காலத்தில் இணைய விற்பனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஆகஸ்ட் 14 அன்று உலகச் சுகாதார நிறுவனம் குரங்கம்மைப் பரவலை உலகளாவிய பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்த வாரத்தில், இணையத்தில் விற்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத இருவர் என்னிடம் யோசனை கேட்டார்கள். முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பானும் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கலாமா என்றார் ஒருவர். குரங்கம்மை பெரும்பாலும் நெருங்கிய உடல் தொடர்பால் பரவுவது என்பதைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. மற்றவரோ கடையில் எதையும் மாற்றப்போவதில்லை என்றார். "ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையென்றால் நம்மிடம்தானே வாங்குவார்கள், நமக்கு நல்லதுதானே?" என்று கேட்டார். முதலாமவரைத் திருத்துவது எளிது. இரண்டாமவர் பேச்சுதான் என் வயிற்றைக் கலக்கியது. 2020 மார்ச்சில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் விற்பது எம்பிராய்டரி கற்பவர்களுக்கான சிறு பெட்டி. அச்சிட்ட துணி, நூல்கள், ஊசிகள், மரவளையம், செய்முறைத்தாள் ஆகியவை அதில் இருக்கும். நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத பொருள். ஆகவே பதுக்கல், போலிச் சரக்கு போன்ற வெளிப்படையான தவறுகளை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 17,700 பாட்டில் கைச்சுத்திகரிப்பானை வாங்கிக் குவித்து, விற்க வழியின்றிக் கடைசியில் தானமாகக் கொடுத்த சகோதரர்களின் செய்தி 2020 மார்ச்சில் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது; அதற்குமேல் யாருக்கும் பாடம் தேவையில்லை. தவறு என்றே தோன்றாத தவறுகளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

டெலிவரி நாளை மாற்றாமல் விடுவது

என் பக்கத்தில் "இரண்டு வேலை நாட்களில் அனுப்பப்படும், ஏழு நாட்களில் கைக்கு வரும்" என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாததற்கு நான் கொடுத்த விலையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மீதே எரிச்சல் வருகிறது.

2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 உலகப் பெருந்தொற்று எனக் குறிக்கப்பட்டது. அடுத்த வாரத்திலேயே எனக்கு வழக்கத்தைப்போல நான்கு மடங்கு ஆர்டர் வந்தது. வீட்டில் அடைபட்டவர்கள் கைவேலை தேடினார்கள். துணியும் நூலும் என்னிடம் போதிய அளவு இருந்தன. மரவளையம் மட்டும் ஒரே ஒரு சப்ளையரிடமிருந்து வருவது. அவர் "அடுத்த வாரம்" என்றார், அடுத்த வாரமும் அதையே சொன்னார். வளையத்தைத் தவிர எல்லாம் நிரப்பிய 83 பெட்டிகள், மூடி திறந்தபடி, ஒரு மாதம் என் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம், தினமும் வந்துகொண்டிருந்த கூரியர் வண்டி மூன்று நாளைக்கு ஒருமுறை வரத் தொடங்கியது. வழக்கமான காலத்தில் சரக்கு வருவதும் பார்சல் போவதும் தனித்தனிக் கணக்கு. நோய்க் காலத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் தாமதமாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஏன் நாளை மாற்றவில்லை என்று கேட்டால், ஆர்டர் குறைந்துவிடும் என்ற பயம்தான். சீக்கிரம் அனுப்பும் கடைகளைத்தான் பல விற்பனைத் தளங்கள் தேடலில் மேலே காட்டுகின்றன. இரண்டு நாளை இருபது நாளாக்கினால் கீழே போய்விடுவோம் என்று கணக்குப் போட்டேன். இத்தோடு நில்லாமல் இன்னொன்றும் செய்தேன். தாமதக் கணக்கில் வரக்கூடாது என்பதற்காக, லேபிளை அச்சிட்ட கையோடு டிராக்கிங் எண்ணை ஏற்றி, "அனுப்பப்பட்டது" என்று குறித்துவந்தேன். பெட்டி மேசைமேலேயே இருந்தது. கூரியர் நிறுவனத்தின் முதல் ஸ்கேன் பல பார்சல்களுக்கு ஒன்பது, பத்து நாள் கழித்தே விழுந்தது. அந்த இடைவெளியை வாங்கியவர் திரையில் பார்க்கிறார் என்பதும், பின்னால் தகராறு வந்தால் அதுவே எனக்கெதிரான சாட்சி என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

எட்டாம் நாள் விசாரணைகள் வந்தன. பன்னிரண்டாம் நாள் முதல் "பொருள் வந்து சேரவில்லை" என்ற புகார்கள் பதிவாயின. தளம் அந்தப் புகார்களை நாட்டில் நோய் பரவுகிறதா என்று பார்த்துத் தீர்க்கவில்லை. நான் வாக்குக் கொடுத்த நாளைப் பார்த்துத் தீர்த்தது. நாள் கடந்திருந்ததால் வாங்கியவருக்குப் பணம் திரும்பிப் போனது. அதில் நியாயக்குறைவு எதுவும் இல்லை. தளத்திடம் புகார் செய்யாத சிலர் நேரே வங்கிக்குப் போய் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது, கேட்டார்கள். கார்டு நிறுவனங்களின் விதிகளில் பொருள் வராத வழக்குக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களும் பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணப்படக்கூடும் என்பதால், மார்ச்சு ஆர்டருக்கான அடி எனக்கு ஜூலையில்கூட விழுந்தது. ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தனிக் கட்டணம் வேறு.

பணம் திரும்பிப் போனதைவிடப் பெரிய நஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. புகார் விகிதம் ஏறியதைக் கண்ட பணப் பரிமாற்ற நிறுவனம், வரும் தொகையில் ஒரு பகுதியை ரிசர்வாக நிறுத்திவைத்தது. நானோ ஆர்டர் பணத்தை எடுத்து வளையக்காரருக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டிருந்தேன். ஆக, ரீஃபண்ட் என் கையிலிருந்து போனது, புதுப் பணம் ரிசர்வில் மாட்டியது, பழைய பணம் சப்ளையரிடம் கிடந்தது. இதற்கிடையே தாமதமாகப் போன பெட்டிகள் ஒவ்வொன்றாக உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பணமும் பெட்டியும் இரண்டுமே கையில் இருந்தவர்களுக்குத் தன்மையாக எழுதினேன். சிலர் திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்பு கேட்டு எழுதியவர்களும் உண்டு. பலரிடமிருந்து பதிலே இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். பரவல் செய்தி வந்ததும், கடைசியாகப் போன பத்துப் பார்சல்களை எடுத்து, ஆர்டர் விழுந்த நாள் முதல் வாசலில் சேர்ந்த நாள்வரை எண்ணுகிறேன். சராசரியை எடுப்பதில்லை, அதில் மிகத் தாமதமானதையே கணக்கில் கொள்கிறேன். அந்த எண்ணிக்கையை லிஸ்டிங்கின், அதாவது பொருளின் விற்பனைப் பக்கத்தின், முதல் வரியில் எழுதுகிறேன். கொள்கைப் பக்கத்தின் அடியில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். விற்பனைக்குக் காட்டும் இருப்பு எண்ணிக்கை, முழுதாக நிரம்பி மூடிய பெட்டிகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு, அவர்கள் கேட்பதற்கு முன்பே, "இத்தனை நாள் ஆகும், வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம்" என்று நானே எழுதிவிடுகிறேன். வாங்குமுன் இருபது நாள் என்று சொன்னால் காத்திருப்பவர்தான், வாங்கியபின் அதே இருபது நாளைச் சொன்னால் ஏமாற்று என்கிறார். பார்சலைக் கூரியர்காரர் கையில் கொடுத்த பிறகே "அனுப்பப்பட்டது" என்று குறிக்கிறேன். பொருள் போய்ச் சேரும்வரை அந்த ஆர்டரின் பணம் தனிக் கணக்கில் கிடக்கும். அதைத் தொட்டுக் கொள்முதல் செய்வதில்லை. கடையில் எதையும் மாற்றப்போவதில்லை என்று சொன்ன அந்த இரண்டாமவரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, "தேடலில் கீழே போய்விட மாட்டோமா?" என்று கேட்டார். போவோம். நானும் போனேன், ஆனால் ரேட்டிங் கெட்டுக் கீழே போனவர்களைப்போலத் திரும்பி ஏற மாதக்கணக்கில் ஆகவில்லை.

திடீர் ஏற்றத்தை நம்பிக் கொள்முதல் செய்வது

நான்கு மடங்கு ஆர்டர் வந்தால் நான்கு மடங்குக்கும் மேல் சரக்கு வாங்கத் தோன்றும், ஏனெனில் பற்றாக்குறையின்போது சப்ளையர் கேட்டதில் பாதிதான் தருவார் என்று நாமே கூட்டிக் கேட்போம். எல்லோரும் அப்படியே கேட்பார்கள். சரக்கு வந்து இறங்கும் நாளில் தேவை இறங்கியிருக்கும். கைவினைப் பொருட்கள் விற்கும் எட்ஸி தளத்தில் 2020 ஏப்ரலில் மட்டும் சுமார் 1.2 கோடி முகக்கவசங்கள் விற்றன. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மொத்த விற்பனையில் ஏறக்குறைய 14 சதவீதம் முகக்கவசமாகவே இருந்தது, கடைசிக் காலாண்டில் அது 4 சதவீதத்துக்குச் சுருங்கியது. நோய் அப்போது ஓய்ந்துவிடவில்லை, பெரிய ஆலைகள் தயாரிப்பில் இறங்கியிருந்தன. நான் அந்தக் கோடையில் கேட்டு வாங்கிய வளையங்களில் கடைசிக் கட்டு 2022இல்தான் தீர்ந்தது. இப்போதெல்லாம் மூன்று வாரத் தேவைக்குமேல் கொள்முதல் இல்லை, அதனால் லாபம் கைநழுவினாலும் சரி.

எல்லாச் சரக்கையும் ஒரே கிடங்கில் வைப்பது

2020 மார்ச் 17 அன்று அமேசான், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள தன் கிடங்குகளுக்கு அன்றாடத் தேவைப் பொருட்களையும் மருத்துவப் பொருட்களையும் முன்னிறுத்தப்போவதாகவும், பிற பொருட்களைப் புதிதாக உள்ளே அனுப்புவதை ஏப்ரல் 5 வரை நிறுத்திவைப்பதாகவும் விற்பனையாளர்களுக்கு அறிவித்தது. நெருக்கடியில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவே. ஆனால், அன்று தன் இருப்பு முழுவதையும் அந்தக் கிடங்குகளை நம்பி வைத்திருந்த சிறு விற்பனையாளர், கையில் சரக்கு இருந்தும் விற்க முடியாமல் நின்றார். ஐந்தில் ஒரு பங்காவது உங்கள் வீட்டில், நீங்களே கட்டி அனுப்பக்கூடிய நிலையில் இருக்கட்டும். கட்டும் டேப்பும் அட்டைப்பெட்டியும் சேர்த்து.

வெளிநாட்டு அஞ்சலை வழக்கம்போல நம்புவது

கோவிட்டுக்கு முன் விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் விமானம் நின்றால் பார்சலும் நிற்கும். அஞ்சல் நிறுவனம் எந்தெந்த நாடுகளுக்குச் சேவையை நிறுத்தியிருக்கிறது என்ற பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, அந்த நாடுகளை உங்கள் கடையின் டெலிவரிப் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

"கிருமியற்ற பார்சல்" என்று எழுதுவது

கோவிட் வைரஸ் அட்டையில் 24 மணி நேரம் வரையிலும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையிலும் உயிர்ப்போடு இருந்ததாக 2020 மார்ச்சில் ஓர் ஆய்வக முடிவு வெளிவந்தவுடன், பல கடைகள் பார்சலுக்கு மருந்து தெளிப்பதாக விளம்பரம் செய்தன. பார்சல் வழியாக நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே பின்னர் தெரிந்தது. நீங்கள் தெளித்தாலும், பெட்டி அதற்குப்பின் பத்துக் கைகள் மாறிப் போகிறது. உங்களால் காக்க முடியாத வாக்கைப் பெட்டிமேல் ஒட்டாதீர்கள். என் தோழி ஒருவர் தெளித்த திரவத்தில் முகவரியின் மை கரைந்து, நான்கு பார்சல்கள் திரும்பி வந்தன.

விலையை ஏற்றுவது

தளத்தில் உங்கள் கணக்கை மூடிவிடுவார்கள்.

கூரியர்காரரிடம் கத்துவது

அவர் கையில் எதுவும் இல்லை.

நீங்களே படுத்துவிட்டால் என்ன என்று யோசிக்காமல் இருப்பது

தனி ஆளாகக் கடை நடத்துபவர்கள் ஊருக்கு வரும் நோய் தனக்கும் வரும் என்று எண்ணுவதே இல்லை. எனக்கு வந்தபோது பதினோரு நாள் எழவில்லை. கடை தன்பாட்டுக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தது. கடையை விடுமுறை நிலைக்கு மாற்றும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பிறகு ஐந்து வரியில் ஒரு தாள் எழுதிப் பொதிகட்டும் மேசைக்கு மேலே ஒட்டினேன்: எப்படி உள்ளே நுழைவது, எந்தப் பொத்தானை அழுத்துவது, பாதியில் கிடக்கும் ஆர்டர்களுக்கு என்ன எழுதுவது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தங்கையிடம் கொடுத்து, நான் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். சரிபார்ப்பு எண் என் செல்பேசிக்கு வந்துகொண்டிருந்தது. செல்பேசியின் பூட்டு என் கைரேகைக்கு மட்டுமே திறந்தது.