இதய அமிலாய்டோசிஸ்: ரத்த முடிவையும் எடையையும் கவனிக்கும் முறை

இதய அமிலாய்டோசிஸ் என்பது பிறழ்ந்த புரதம் இதயத் தசையில் படிந்து அதை விறைக்கச் செய்யும் நோய். முதலில் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏஎல் வகை (எலும்பு மஜ்ஜை செல்கள் சுரக்கும் புரதம் படிவது) என்றால் சிகிச்சை அவசரம். ஏடிடிஆர் வகை (கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதம் படிவது) பெரும்பாலும் மெதுவாக முற்றும். வகையை அறிய எலும்பு ஸ்கேன் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. ஏஎல் வகையிலும் அது சில நேரம் பாசிட்டிவாக வரும். ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒற்றைப் புரதச் சோதனை (ஏஎல் வகைக்குக் காரணமான புரதத்தைத் தேடுவது) கட்டாயம்.

அடுத்து, சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் என்டி-புரோபிஎன்பி (இதயச் சுமையைக் காட்டும் ரத்த அளவு), இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) இரண்டையும் பாருங்கள். ஏடிடிஆர் வகையில் முதல் எண் 3000-க்கு மேல், இரண்டாவது 45-க்குக் கீழ் என்றால் மூன்றாம் நிலை, அதாவது முற்றிய நிலை. ட்ரோபோனின் (இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதம்) தொடர்ந்து உயர்ந்திருந்தால் இதயத் தசை சேதமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதயத் தசையில் அழற்சியும் உண்டா என்பதைத் திசுப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். சிறுநீரகம் தளர்ந்தாலும் என்டி-புரோபிஎன்பியும் ட்ரோபோனினும் ஏறும், ஆகவே ஒரே முடிவைக் கண்டு கலங்க வேண்டாம்.

வீட்டில் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அன்றே மருத்துவமனையை அழையுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு), ஹாக்கர் கடைச் சூப் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மூட்டுவலிக்கு இபுபுரோஃபென் வாங்காதீர்கள். உடலில் நீர் தங்கும். வெராபாமில், டில்டியாசெம் என்ற ரத்த அழுத்த, இதயத் துடிப்பு மருந்துகள் மருந்துச் சீட்டில் இருந்தால் விழுங்குமுன் இதய மருத்துவரிடம் கேளுங்கள். விறைத்த இதயம் ரத்தத்தை இறைக்கும் வலுவை அவை மேலும் குறைக்கலாம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழையுங்கள்.