பழைய சிந்தசைசரில் மெமரி பேட்டரி மாற்றும்போது செய்யக்கூடாதவை

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரின் உள்ளே 32 டோன்கள், அதாவது நாமே அமைத்த ஒலிகள், சேமிக்கலாம். பவரை அணைத்த பிறகும் அவை அழியாமல் இருப்பதற்குக் காரணம், போர்டில் சால்டர் செய்யப்பட்ட நாணய அளவு லித்தியம் பேட்டரி ஒன்று. ரோலண்ட் ஜூனோ-106, டி-50, கோர்க் எம்1 எல்லாவற்றிலும் மெமரியைக் காப்பது இப்படி ஒரு பேட்டரிதான். பெரும்பாலும் சிஆர்2032, அதாவது கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் 3 வோல்ட் பேட்டரி. அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. மெமரி சிப் 2 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 12 ஆண்டுக்கு மேல் ஓடும். அதனால்தான் உள்ளே பேட்டரி இருப்பதே பலருக்கு மறந்துபோகிறது.

திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி ஓடுவதுதான் முதல் தவறு. பவர் அணைந்திருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் அந்த நொடியே மெமரி காலி. என் முதல் கீபோர்டில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த டோன்களை அப்படித்தான் இழந்தேன், அவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. முதலில் எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்துவையுங்கள். டிஎக்ஸ்7-ல் ஃபங்ஷன் பொத்தானை அழுத்திவிட்டு 8-ம் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 'சிஸ் இன்ஃபோ' வரும். அதை 'அவெய்ல்' என்று மாற்றினால், அடுத்த அழுத்தலில் 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும். எஸ் கொடுத்தால் 32 டோன்களும் மிடி, அதாவது கீபோர்டும் கணினியும் டேட்டா பரிமாறும் இணைப்பு, வழியாகப் போய்விடும்.

கோப்பு வந்துவிட்டது என்று நிம்மதியாகி விடாதீர்கள். அது சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். மலிவான யுஎஸ்பி-மிடி கேபிள்கள் நோட்டுகளை ஒழுங்காக அனுப்பும், இப்படி மொத்தமாக வரும் டேட்டாவில்தான் திணறும். டெக்செட் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, உங்கள் டோன்களின் பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஜூனோ-60 போல மிடியே இல்லாத கருவிகளில் கேசட்டுக்குச் சேமிக்கும் வழி மட்டும்தான். கேசட்டுக்குப் பதில் கணினியில் பதிவு செய்யலாம், ஆனால் எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். அப்புறம் வெரிஃபை செய்து, பதிவானது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது தவறு, எல்லாப் பேட்டரியும் ஒன்று என்று நினைப்பது. 1981-ல் வந்த கோர்க் பாலிசிக்ஸில் இருப்பது ரீசார்ஜ் ஆகும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. கருவி ஓடும்போதெல்லாம் அது சார்ஜ் ஆகும். அந்தச் சார்ஜ் பாதையைத் துண்டிக்காமல் அங்கே சிஆர்2032-ஐ வைத்தால் லித்தியம் சூடேறி வெடிக்கவும் கூடும். பாலிசிக்ஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தப் பேட்டரி கசிந்து, கேஎல்எம்-367 என்ற போர்டின் செப்புப் பாதைகளை அரித்துவிடும். கசிவது காரம் என்பதால் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்ய வேண்டும். பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கைக்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே திறந்து பாருங்கள். கடையில் வாங்கும்போதும் கவனம்: எல்ஐஆர்2032 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது ரீசார்ஜ் வகை, வோல்ட்டேஜும் வேறு.

பேட்டரியின் மேலேயே சால்டரிங் அயர்னை வைப்பதைப் பலர் தைரியமாகச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் பேட்டரி கெடும், வெடித்துத் தெறிக்கவும் செய்யும். சால்டர் செய்வதற்கென்றே இரண்டு பக்கமும் தகடு வெல்டு செய்யப்பட்ட பேட்டரியை வாங்குங்கள். அதைவிட நல்லது, ஒரு பேட்டரி ஹோல்டரைப் போட்டுவிடுவது. அடுத்த முறை அயர்னே தேவைப்படாது. ஹோல்டரின் கால்கள் பழைய துளைகளில் பொருந்தவில்லையென்றால் இரண்டு ஒயர் போட்டு, ஆடாத இடத்தில் ஒட்டிவிடலாம். கச்சேரிக்கு வண்டியில் போய்வரும் கீபோர்டு என்றால் தளர்வான ஹோல்டர் கூடாது. ஒரு குலுக்கலில் பேட்டரி விட்டுச் சேர்ந்தாலும் மெமரி போய்விடும்.

பழையதைக் கழற்றும்போது பிடித்து இழுக்காதீர்கள். 40 வருடப் போர்டு, செப்பு வட்டம் ஈயத்தோடு பெயர்ந்து வந்துவிடும். கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கினால் பழையது எளிதாக இளகும். எனக்குப் பிடித்த வழி வேறு: தகடுகளைப் பேட்டரியின் ஓரமாக ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, போர்டில் நிற்கும் மிச்சத்தில் ஹோல்டர் ஒயரைப் பற்றவைப்பது. போர்டுக்கு அதிகம் சூடு படாது. வெட்டும் முன் பிளஸ் எந்தப் பக்கம் என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பவரை ஆனில் வைத்துக்கொண்டே மாற்றினால் மெமரி போகாது' என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், போகாது. ஆனால் திறந்து கிடக்கும் கருவிக்குள் 230 வோல்ட் ஓடுகிறது, எர்த் ஆன அயர்ன் தவறான இடத்தில் பட்டால் ஷார்ட். டோன்கள் ஏற்கெனவே கணினியில் இருக்கும்போது இந்தச் சாகசம் எதற்கு? பிளக்கையே பிடுங்கிவிட்டு, சற்று நேரம் கழித்துக் கை வையுங்கள்.

மாற்றி முடித்து ஆன் செய்ததும் டோன் பெயர்கள் கன்னாபின்னா என்று தெரியும், ஒலியும் கர்ணகடூரமாக இருக்கும். அதைப் பார்த்து 'போர்டு போச்சு' என்று மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. மெமரியில் இப்போது இருப்பது வெறும் குப்பை, அவ்வளவுதான். டிஎக்ஸ்7-ல் மெமரியில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் மெமரி புரொடெக்டை ஆஃப் செய்துவிட்டு, எடுத்துவைத்த கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். புரொடெக்டை மறந்துவிட்டு 'ஏறவே மாட்டேங்குது' என்று நானே அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஏறிய பிறகு ஃபங்ஷனில் 14-ம் பொத்தான் பேட்டரி வோல்ட்டேஜைக் காட்டும், 3-ஐ ஒட்டி இருந்தால் சரி. பிறகு பவரை அணைத்து, ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் டோன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவரை மூடியின் ஸ்க்ரூக்களை முழுதாக முறுக்க வேண்டாம்.

கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.