மல்லிகையை முழம்போட்டு விற்பவர்களுக்கு

பூக்கடையில் லாபமும் நட்டமும் பெரும்பாலும் மல்லியில்தான். விடியற்காலை பறித்த மொட்டு அன்று இரவே விரிந்துவிடும். மறுநாளைக்கு அது சரக்கே இல்லை. சம்பங்கி, செவ்வந்தி, அரளி, கனகாம்பரம் ஓரளவு தாங்கும்.

மார்க்கெட்டில் மேலாகத் தெரியும் பூவைப் பார்த்து விலை பேசாதீர்கள். மூட்டையின் அடிவரை கையை விடுங்கள். சூடு தெரிந்தால் பூ வெந்திருக்கிறது, மதியத்துக்குள் பழுப்பேறிவிடும். ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உள்ளங்கை நனைந்தால் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நல்ல மொட்டு கெட்டியாக, வெள்ளையாக, வாய் மூடி இருக்கும்.

கடைக்கு வந்ததும் மூட்டையைப் பிரித்துக் காற்றாட விடுங்கள். உடனே கட்டாத பூவைத் தெர்மாகோல் பெட்டியில் வைக்கலாம். ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள்; மொட்டில் நேராகப் பட்டால் அந்த இடம் கறுத்துப்போகும். பக்கத்தில் பழுத்த வாழைத்தார் இருக்கக் கூடாது, பூ சீக்கிரம் வாடும்.

வாழைநாரை நனைத்துக் கட்டுங்கள், காய்ந்த நார் அறுந்துவிடும். முடிச்சு இறுகினால் காம்பு வெட்டுப்படும், தளர்ந்தால் வாங்கியவர் தலையிலேயே பூ உதிரும். ஆளுக்கு ஒரு கை நீளம் என்பதால், பலகையில் 45 செ.மீ. தூரத்தில் இரண்டு ஆணி அடித்து அதையே முழமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை அடுத்த கடையைப் பார்த்து வைப்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. உங்கள் ஆள் கட்டும் நெருக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை முழம் வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். நான்கு என்று வைத்துக்கொள்வோம். கிலோ 800 ரூபாய், கட்டுக்கூலி 150, நாரும் வண்டியும் 50. ஆக 1,000 ரூபாய்க்கு 40 முழம். அடக்கம் 25 ரூபாய்தானே என்று 30க்கு விற்றால், 8 முழம் தேங்கிய நாளில் கைக்கு வருவது 960தான். தேங்குவதையும் அடக்கத்தில் சேர்த்தே விலை வையுங்கள். சாயங்காலக் கூட்டம் குறையத் தொடங்கியதும், பூ விரிவதற்குள் விலையை இறக்கிவிடுங்கள். நேற்றைய பூவை இன்றைய சரத்தில் ஒருபோதும் கலக்காதீர்கள், வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். மல்லிச் சரத்துக்கு மட்டும் 'அன்றைய மார்க்கெட் விலைப்படி' என்று ரசீதில் எழுதுங்கள். தை முகூர்த்தங்களுக்கு இது கட்டாயம். பனியில் வரத்து சுருங்கியிருக்கும் நேரத்தில் மார்கழி முழுக்கத் தள்ளிவைத்த கல்யாணங்களும் வந்து சேரும். மதுரை, திண்டுக்கல் சந்தைகளில் கிலோ ஆயிரங்களில் போகும்.