அமெரிக்க இரவுநேரப் பேச்சு நிகழ்ச்சிகளின் நகைச்சுவைத் தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையனின் 28 வருடங்களை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

1993-இலிருந்து வரிசையாகப் பார்க்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். முதலில் 2010 ஜனவரி 22 அன்று 'டுநைட் ஷோ'வில் அவர் விடைபெற்றதைப் பாருங்கள். நிகழ்ச்சியை நள்ளிரவு தாண்டித் தள்ள என்.பி.சி. தொலைக்காட்சி முடிவெடுக்க, அதற்கு மறுத்து, எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் வெளியேறுகிறார். அப்போதும் பார்ப்பவர்களிடம் விரக்தி வேண்டாம், கடுமையாக உழைத்து அன்பாகவும் இருந்தால் நல்லது நடக்கும் என்று கேட்டுக்கொள்கிறார். அந்த இடம் என்னை இன்னும் உலுக்குகிறது.

அப்புறம் பின்னோக்கிப் போங்கள். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் எழுத்தாளராக இருந்தவர், கேமரா முன் பெரிய அனுபவம் இல்லாமலே 1993-இல் 'லேட் நைட்' நிகழ்ச்சியில் அதுவரை தொகுப்பாளராக இருந்த டேவிட் லெட்டர்மேனின் இடத்துக்கு வந்தார், தொடக்க காலத்தில் ஒப்பந்தத்தை 13 வாரங்களுக்கு மட்டுமே நீட்டித்த கட்டமும் உண்டு. தொடக்க உரைகளைத் தாண்டிவிடலாம், அன்றைய செய்தி தெரியாவிட்டால் சிரிப்பு வராது. ஸ்டுடியோவுக்கு வெளியே எடுத்தவற்றை மட்டும் விடாதீர்கள், குறிப்பாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விதிப்படி பேஸ்பால் ஆடுபவர்களோடு அவர் சேர்ந்து ஆடியது.

கடைசியாக, என்.பி.சி.யை விட்ட பிறகு வேறு சேனலில் நடத்திய 'கோனன்' நிகழ்ச்சியின் இறுதி நாளான 2021 ஜூன் 24. புத்திசாலித்தனமும் முட்டாள்தனமும் சந்திக்கும் இடத்தைத்தான் இத்தனை காலமும் தேடியதாகச் சொல்கிறார். இன்னும் வேண்டுமென்றால் 2018-இல் தொடங்கிய அவருடைய பாட்காஸ்ட் இருக்கிறது, சரி, அதை எந்த வரிசையிலும் கேட்கலாம்.