பால் பற்களைக் காக்க ஓர் இரவுநேரக் கவனம்

குழந்தைகளின் பற்சொத்தைக்கு இனிப்பின் அளவு மட்டுமன்று, அது ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்குள் செல்கிறது என்பதும் முக்கியக் காரணம். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்ற, அது பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் கனிமங்களைக் கரைக்கிறது; உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமன்செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆவதால், ஓயாமல் கொறிக்கும் குழந்தையின் பற்களுக்கு மீள அவகாசமே கிடைப்பதில்லை. உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவதுதான் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் என்பேன். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெண்ணிறக் கோடுகள் தென்பட்டால், பால் படிந்திருப்பதாக எண்ணி விட்டுவிடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். முதல் பல் முளைத்தது முதல் 3 வயது வரை அரிசி மணியளவு ஃபுளோரைடு பற்பசையால் இரவிலும் துலக்கிவிட்டு, அதன்பின் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.