அடுத்த வருஷத்துக்கான வேலைத் திட்டம்: முடிவெடுக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

"அடுத்த வருஷம் ப்ரமோஷன் வாங்கணும், புதுசா ஏதாவது கத்துக்கணும், சம்பளமும் ஏறணும்" என்று டைரியின் முதல் பக்கத்தில் எழுதிவைப்பதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்பது எழுதியவருக்கே தெரியாது. பிப்ரவரி தாண்டினால் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதுகூட இல்லை. வேறு மாதிரி செய்து பாருங்கள். உங்களுக்குப் பதவி உயர்வு தரலாமா, சம்பளத்தை எவ்வளவு ஏற்றலாம் என்கிற பேச்சு பெரும்பாலும் நீங்கள் இல்லாத ஓர் அறையில்தான் நடக்கிறது. அங்கே உங்களுக்காக வாய் திறக்கப்போகிறவர் எதைச் சொல்லி வாதாடுவார்? அவர் கையில் கொடுக்க வேண்டியதைச் சேர்ப்பதுதான் வருஷம் முழுக்க நீங்கள் பார்க்க வேண்டிய வேலை.

முதலில் தேதியைக் கேளுங்கள்

கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் அப்ரைசலுக்கு, அதாவது வருஷாந்தர வேலை மதிப்பீட்டுக்கு, முன்னால் கலிப்ரேஷன் என்று ஒரு கூட்டம் நடக்கும். பல மேனேஜர்கள் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் ஆட்களுக்குப் போட்ட ரேட்டிங்கை ஒப்பிட்டு, இருக்கிற பட்ஜெட்டுக்குள் யாரை மேலே வைப்பது, யாரை நடுவில் வைப்பது என்று பேசி முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் உங்களைக் கூப்பிட்டு நடத்தும் அப்ரைசல் மீட்டிங்கில் நடப்பது, எடுத்த முடிவைத் தெரிவிப்பது மட்டும்தான். அங்கே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாதாடினாலும் பெரிதாக எதுவும் நகராது.

அதனால் மேனேஜரிடமோ எச்.ஆரிடமோ நேராகவே கேளுங்கள்: சுயமதிப்பீட்டுப் படிவம் எப்போது வரும், ரேட்டிங் எந்த மாதம் உறுதியாகும், சம்பள உயர்வுக்கான பட்ஜெட் எப்போது பூட்டப்படும். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை என்பதுதான் ஆச்சரியம். சின்ன நிறுவனத்தில் இப்படி முறையாக எதுவும் இருக்காது. முதலாளி மனதில் தோன்றும்போதுதான் முடிவு. ஆனால் அவருக்கும் ஒரு நிதியாண்டு முடியும், ஒரு பெரிய கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும், அப்போது கணக்கைப் பார்ப்பார். அந்த மாதத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

தேதி கிடைத்ததும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முடிவு நவம்பரில் என்றால், நீங்கள் காட்டப்போகும் வேலை செப்டம்பருக்குள் முடிந்து அதன் பலன் நாலு பேர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் அது ஏப்ரல் வாக்கில் தொடங்கியிருக்க வேண்டும், அதற்கான அனுமதியை அதற்கும் முன்னால் வாங்கியிருக்க வேண்டும். 12 மாதம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் இருப்பது எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தையும் நம்பிவிடாதீர்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குறைத்தே மதிப்பிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரே வைத்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்று சொன்ன மாணவர்கள் 55 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு மருந்து எளிது: "இந்தத் தடவை எவ்வளவு ஆகும்" என்று யோசிக்காமல், இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு இழுத்தது என்று பார்த்து அதையே எழுதுங்கள்.

எந்தப் பக்கம் போகிறீர்கள்

மேலே போவது, பக்கவாட்டில் வேறு பிரிவுக்கு மாறுவது, வெளியே போவது, இருக்கிற இடத்திலேயே நிற்பது. இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டால் ஒன்றுக்கும் நேரம் இருக்காது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தேவையானது வேறு. மேலே போக, அடுத்த நிலை வேலையை இப்போதே செய்ததற்கான சான்று வேண்டும். பக்கவாட்டில் போக, அந்தப் பிரிவில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவராவது வேண்டும். வெளியே போக, ரெஸ்யூமே, இன்டர்வியூ பயிற்சி, கையில் சில மாதச் செலவுக்குப் பணம்.

நிற்பது என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வீட்டில் கைக்குழந்தை, பெற்றோருக்கு உடம்பு முடியவில்லை, நீங்களே பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்த வருஷம் இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வதே சரியான திட்டம். அதைத் தெளிவாக முடிவு செய்துவிட்டால் பக்கத்து சீட்காரர் மேலே போகும்போது வயிறு எரியாமல் இருக்கும்.

சரி, திசை முடிவானால் அடுத்தது வேலை விளம்பரங்களைப் படிப்பது. இப்போது வேலை தேடாவிட்டாலும் படியுங்கள். நீங்கள் போக விரும்பும் பதவிக்கான விளம்பரங்கள் பத்து பதினைந்தைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைக் கோடிடுங்கள். முக்கால்வாசி விளம்பரத்தில் வருவது உண்மையிலேயே தேவைப்படுவது. ஒன்றிரண்டில் மட்டும் வருவது எழுதியவரின் ஆசை, அதைக் கண்டு மிரள வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு நிலைக்கும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற ஆவணம் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, அதை நிரூபிக்க நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். "எனக்குத் தெரியும்" என்று எழுதக் கூடாது, "இன்ன மாதம் இதைச் செய்தேன், இது நடந்தது" என்று எழுத வேண்டும். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் வருஷத் திட்டம். அதிலும் இரண்டை மட்டும் எடுங்கள். அன்றாட வேலைக்கு நடுவில் மூன்றாவதற்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

காலிக் கட்டத்தைப் பார்த்ததும் ஆன்லைன் கோர்ஸில் சேரத்தான் கை போகும். சான்றிதழ் இல்லாமல் கதவே திறக்காத துறைகள் உண்டு, அங்கே அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில், கற்றுக்கொள்வதைத் தேதி போட்ட ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: "டேட்டா அனலிசிஸ் படிப்பேன்" என்பதை விட "ஜூன் மாத விற்பனை அறிக்கையை நானே கேட்டு வாங்கிச் செய்வேன், அதற்குத் தேவையானதைப் படிப்பேன்" என்பது பல மடங்கு மேல்.

மேனேஜரிடம் என்ன கேட்பது

"நான் எப்படிப் பண்றேன்?" என்று கேட்டால் "நல்லாத்தான் பண்றீங்க" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: "நான் அடுத்த நிலைக்குத் தயார் என்று மற்ற மேனேஜர்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்ல, என்னிடம் இன்னும் என்ன பார்க்க வேண்டும்?" இந்தக் கேள்வி அவரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது, அவரும் உங்களுக்காகப் பேசுவதாகக் கற்பனை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் லீடர்ஷிப் காட்டுங்க" என்று மழுப்பினால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். "சமீபத்தில் யாருடைய எந்த வேலையில் அது இருந்ததாக நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். "அந்த மாதிரி வேலை அடுத்த மூன்று மாதத்தில் நம் டீமுக்கு வருமா, வந்தால் எனக்குத் தருவீர்களா?" என்று தொடருங்கள். அப்புறம் இன்னொன்று, பலர் கேட்க மறப்பது: "நான் தகுதி பெற்றாலும் இடம் காலியாக இருக்குமா?" சில இடங்களில் மேலே இருப்பவர் நகர்ந்தால்தான் பதவி. சில இடங்களில் சீனியாரிட்டியும் துறைத் தேர்வும்தான் பேசும். அங்கே ராத்திரி பகலாக உழைத்துவிட்டு ஏமாறுவதை விட முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பேசி முடித்த அன்றே நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்." மேனேஜர் நடுவில் மாறிவிட்டால், பழையவர் சொன்னதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே தடயம் அதுதான். இரண்டு தடவை இப்படிக் கேட்டும் தெளிவான பதில் வராவிட்டால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு திசையை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

வாரம் பத்து நிமிஷம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலையை முடித்துக் கிளம்பும் முன், அந்த வாரம் செய்ததில் எழுதத் தகுந்ததை எழுதிவையுங்கள். அப்ரைசல் எழுதும்போது கடைசி இரண்டு மாதம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், மேனேஜருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். மார்ச்சில் நீங்கள் தீர்த்துவைத்த பெரிய சிக்கல் டிசம்பரில் யாருக்கும் நினைவில் இருக்காது.

"மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் பணியில் ஈடுபட்டேன்" என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. "மாத அறிக்கைக்கு இரண்டு நாள் ஆகிக்கொண்டிருந்தது. ஒரே எண்ணை மூன்று ஷீட்டில் கையால் அடிப்பதை நிறுத்தி எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். இப்போது அரை நாள். கணக்குப் பிரிவுத் தலைவர் நன்றி சொல்லி மெயில் போட்டார்." இப்படி இருக்க வேண்டும்: என்ன சிக்கல், நான் என்ன செய்தேன், என்ன மாறியது, யாருக்குத் தெரியும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். யாருக்கும் தெரியாத வேலை அந்தக் கூட்டத்துக்கு வந்து சேராது.

எண்ணில் அடங்காத வேலை செய்கிறவர்களும் எழுதலாம். நீங்கள் பழக்கிய புதுப் பையன் இப்போது தனியாக ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிறானா, ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது நின்றதா, எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், நிறுவனத்தின் உள்கணக்கு, கோப்புகள் எதையும் உங்கள் சொந்த மெயிலுக்கோ போனுக்கோ நகல் எடுக்காதீர்கள், அதற்காகவே வேலை போகலாம். என்ன நடந்தது என்பதை உங்கள் வார்த்தையில் எழுதினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தக் குறிப்பிலிருந்து இரண்டு வரியை எடுத்து ரெஸ்யூமேயில் சேர்த்துவிடுங்கள், அது எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டாவது குரல்

மேனேஜர் ஒருவர் மட்டும் உங்களைப் புகழ்ந்தால், மற்ற மேனேஜர்கள் "அவர் ஆளை அவர் சொல்லத்தானே செய்வார்" என்றுதான் நினைப்பார்கள். "ஆமாம், எங்கள் டீமோடு வேலை செய்தபோது நானும் பார்த்தேன்" என்று இன்னொருவர் சொல்வதற்கு எடை அதிகம். அதனால் வருஷத்தில் ஒரு வேலையாவது வேறு பிரிவோடு சேர்ந்து செய்வதாக அமைத்துக்கொள்ளுங்கள். காக்கா பிடிக்கச் சொல்லவில்லை, நேரில் வேலை பார்த்தவர் வேண்டும் என்கிறேன்.

வெளியே போக நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவதுதான் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தால் நியாயம்தான், தினம் கூடவே இருக்கும் நண்பனுக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். எனவே பழைய சக ஊழியர், கூடப் படித்தவர் என்று மாதம் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள், வேலை கேட்காமல். "நீங்கள் போன வருஷம் மாறிய அந்தத் துறையில் இப்போது ஆட்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்? பதினைந்து நிமிஷம் பேசலாமா?" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எதை விடப்போகிறீர்கள்

புதிதாக இரண்டைச் சேர்த்தால் எதையாவது இறக்கிவைக்க வேண்டும். போன மாதக் காலண்டரைத் திறந்து பாருங்கள்: மீட்டிங் குறிப்பெடுப்பது, பிரிவுபசார விழா ஏற்பாடு, பிறர் ஸ்லைடைத் திருத்துவது என்று அவசியமான, ஆனால் பதவி உயர்வில் ஒருபோதும் கணக்கில் வராத வேலை எவ்வளவு இருக்கிறது? 2017இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மாதிரி வேலைகளுக்கு ஆண்களை விடப் பெண்களே அதிகம் முன்வருகிறார்கள், அவர்களிடமே அதிகம் கேட்கப்படுகிறது என்று காட்டியது. முகத்திலடித்த மாதிரி மறுக்க வேண்டியதில்லை. "இந்த மாதம் நான் செய்கிறேன், அடுத்த மாதத்திலிருந்து முறை வைத்துக்கொள்வோம்" என்றால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கித் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். டீம் கலைந்திருக்கலாம், மேனேஜர் மாறியிருக்கலாம், உங்களுக்கே அந்தப் பதவி வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். அப்போது திட்டத்தை மாற்றுங்கள், பழையதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். சம்பளப் பேச்சையும் பட்ஜெட் பூட்டுவதற்கு முன்பே, ஒரு தொகையோடு, எடுத்துவிடுங்கள். பூட்டிய பிறகு மேனேஜர் நல்லவராகவே இருந்தாலும் அவர் கையில் பணம் இருக்காது.

எல்லாம் செய்தும் இல்லை என்று வந்தால், அதைச் சொல்லும் மீட்டிங்கிலேயே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எது குறைந்தது, மறுபடி எப்போது பார்ப்பார்கள், யார் முடிவு செய்கிறார். அன்று ராத்திரியே ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். மூன்றுக்கும் உருப்படியான பதில் இருந்தால் புதுத் தேதியை வைத்து மறுபடி பின்னோக்கிக் கணக்குப் போடலாம். பதில் இல்லையென்றால் ரெஸ்யூமேயை வெளியே அனுப்பத் தொடங்குங்கள், இந்த வேலையில் இருக்கும்போதே.